சுழிப்பிழை

அரை கிலோவக் காணோம். போன ஞாயித்துக்கெழமைக்கு முந்துன ஞாயிறு அஞ்சே கால் கிலோ இருந்த எம்பொண்ணு இன்னிக்கு காலைல நாலே முக்கால்ல நிக்கிறா. அவ எங்க நிக்கிறா, அவளுக்கு இன்னும் முழுசா கவுந்து படுக்கவே வரல, முள்ளுதான் நிக்குது, நாலே முக்கால்கிட்ட வந்து ரெண்டு ஆட்டம் ஆடிட்டு அப்படியே அசையாம நிக்குது. தராசுத் தட்டுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு நேயா என்னப் பாத்து சிரிக்கிறா, பல்லே இல்லாத வாயிலேர்ந்து எச்சில் நூல் மாதிரி எறங்குது, எனக்கு ரெண்டு காதும் அடச்சுப் போச்சு. மிக்ஸி ஓடி நின்னதும் வீட்ல ஒரு அமைதி வருமே, அந்த மாதிரி. அரை கிலோன்னா என்ன, ஒரு பாக்கெட் பால். ஒரு பாக்கெட் பாலு கனத்துக்கு எம்புள்ள ஒடம்புலேர்ந்து என்னவோ போயிடுச்சு. எங்கேர்ந்து போச்சு? தொடையிலேர்ந்தா? தொடைய அமுக்கிப் பாத்தேன், மெத்துனு இருக்கு. கன்னத்தக் கிள்ளிப் பாத்தேன், அவ அதுக்கும் சிரிக்கிறா. அப்ப உள்ளேர்ந்தா? உள்ளேர்ந்து போனா வெளிய தெரியாதோ? எலும்புலேர்ந்து போகுமோ? எலும்புல எடை கொறையுமா? இத யார்ட்ட கேக்கறது?

இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இத படிக்கிறவங்கள்ல யாராவது கைக்கொழந்தக்காரங்க இருந்தா நெஞ்சப் புடிச்சுக்குவீங்க. அவ தூளில தூங்குறா. நான் ஒரு காலால தூளிய ஆட்டிக்கிட்டு கட்ட வெரலால போன்ல டைப் பண்றேன், அடுப்புல பருப்பு வெந்துட்டு இருக்கு, லேப்டாப்புல ஆபீஸ் மீட்டிங் ஓடிட்டு இருக்கு, மைக்க ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், யாரோ யாருக்கோ என்னமோ வெளக்கிட்டு இருக்காங்க, வெளக்கட்டும். எனக்கு இத யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். என் பேரு நிர்மல், திருச்சி கே.கே. நகர்ல மாடி போர்ஷன்ல குடியிருக்கோம், எனக்கு வீட்லேர்ந்தே வேல. என் பொண்டாட்டி தேன்மொழி பிளஸ் ஒன் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கறா, லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் திரும்ப ஸ்கூலுக்குப் போயிருக்கா. அதாவது இன்னிக்குத்தான் மொதத் தடவையா நானும் நேயாவும் மட்டும் தனியா. அந்த மொத நாள்லயே அரை கிலோவத் தொலச்சிட்டேன்னா எப்படி இருக்கும் எனக்கு?

இவ எட்டாம் மாசமே பொறந்துட்டா. பொறந்தப்ப எல்லாரும் சொன்ன மாதிரி ஒரு கையில அடங்குற அளவு, ஒண்ணே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க, நான் ஓட்ட வழியா கைய விட்டு ஒரே ஒரு வெரலக் குடுப்பேன், அவ புடிச்சுக்குவா, அந்தப் புடில எடையே இருக்காது, ஈ உக்காந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு அனுப்பறப்ப டாக்டரம்மா சொன்னது எனக்கு அப்படியே ஒப்பிக்க வரும். "எடை ஏறிட்டே இருக்கணும். மெதுவா ஏறலாம், தப்பில்ல. எறங்குச்சுன்னா மட்டும் காத்துட்டு இருக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க." எறங்குச்சுன்னா பெட்டி. எறங்குச்சுன்னா மறுபடியும் மூக்குல குழாய். அதுக்குத்தான் அடுத்த நாளே புத்தூர்ல சர்ஜிக்கல் கடைக்குப் போயி தட்டு வெச்ச இந்த முள்ளுத் தராச வாங்கிட்டு வந்தேன். கடைக்காரரு டிஜிட்டல் வாங்கிக்கங்க சார்னாரு, அது பேட்டரி போனா பொய் சொல்லும் சார், முள்ளு பொய் சொல்லாதுன்னேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. இருங்க, ஒரு விசில் வந்துடுச்சு, இன்னும் ரெண்டு வரணும்.

வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், தராசு. ஞாயித்துக்கெழம காலைல குளிப்பாட்டறதுக்கு முன்னாடி நிறுக்கறது எங்க வீட்ல ஒரு திருவிழா மாதிரி. துணியெல்லாம் கழட்டிட்டு தேனு புள்ளைய வெச்சிருப்பா, நான் தரையோட தரையா படுத்து முள்ள நேரா பாப்பேன், அப்பறம் வைன்னு சொல்வேன், அவ வெப்பா. எடை மட்டும் இல்ல, நீளமும் எடுப்பேன், முட்டிய நீட்டவே மாட்டா, தவக்கள மாதிரி மடக்கிக்குவா, அதனால நீளம் வாரா வாரம் கூடும் கொறையும், அதுக்கு நான் பயப்படல. தல சுத்தளவு எடுக்க டெய்லர் டேப்பு. எல்லாத்தையும் போன்ல கோடு கோடா போட்டு வெச்சிருக்கேன், கலர் கலரா. "உனக்கு பொண்ணு பொறந்துச்சா இல்ல ப்ராஜெக்ட் பொறந்துச்சா"ம்பா தேனு. அந்த ஞாயிறு அஞ்சத் தாண்டிட்டா, அஞ்சே கால், நான் எகிறிக் குதிச்சு சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புல போட்டேன், பட்டாசு பொம்மையெல்லாம் போட்டு. அன்னிக்கு சாயங்காலமே அவளுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. ரெண்டு நாளு. டாக்டர்ட்ட காட்டி மருந்து குடுத்து நின்னுடுச்சு, ஆனா நின்னதும் எனக்கு ஒரே நெனப்பு, எவ்ளோ போயிருக்கும் எவ்ளோ போயிருக்கும்னு. நேத்து ஞாயிறு தராச எடுக்கப் போனேன், தேனு விடல. "நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகணும், இன்னிக்கு எதையாவது காட்டி என்ன கலவரப்படுத்தாத"ன்னுட்டா. அப்ப சரின்னுட்டேன். இன்னிக்கு அவ பஸ் திருப்பத்துல மறையறதுக்குள்ள நான் கட்டிலுக்கு அடியிலேர்ந்து தராச இழுத்துட்டேன். ஒரு கையில புள்ள, ஒரு கையில தராசு. துணியக் கழட்டுனேன். வெச்சேன். அவ்ளோதான்.

எடுத்துட்டு மறுபடி வெச்சேன். நாலே முக்கால். தராச நகத்தி வேற டைல்ஸ்ல வெச்சு, ஒரு கால் ஆடுதோன்னு கீழ பேப்பர் மடிச்சு வெச்சு, மறுபடியும். நாலே முக்கால். ஒரு வேள அன்னிக்கு டயாபரோட நிறுத்தேனா? இல்ல, கழட்டிட்டுத்தான், கழட்டுனதும் என் பனியன் மேல அடிச்சாளே, நல்லா ஞாபகம் இருக்கு. அப்படின்னா வயித்தால போனதுதான். ரெண்டு நாள்ல அரை கிலோ போகுமா? போகும், தண்ணியாத்தானே போச்சு, தண்ணிதானே எடை. ஆனா அதுக்கப்பறம் நல்லா குடிச்சாளே, பாலாடைல நான்தானே ஊத்துனேன், பாலாடை மூக்கு வழியா கொஞ்சம் கொஞ்சமா, ஒழுகுனது எல்லாம் கழுத்து மடிப்புக்குள்ள போச்சே, அப்ப நான் குடிக்கிறான்னு நெனச்சது எல்லாம் கழுத்துக்குத்தான் போச்சா? உள்ள ஒண்ணுமே போகலையா? தினமும் துண்டுதான் குடிச்சுதா? சிரிக்காதீங்க, அப்ப எனக்கு சிரிப்பு வரல. துண்ட எடுத்து மோந்து பாத்தேன். புளிச்ச பால் வாசன. ஐயோ இவ்ளோ பாலா. அப்பதான் எங்கம்மா சொன்னது வந்து மாட்டுச்சு. எங்கம்மா விராலிமலைலேர்ந்து தெனம் வீடியோ கால்ல வருவாங்க, வந்ததும் மொத வார்த்த, "புள்ள எளச்சுட்டாப்ல இருக்கே." தெனம். என்னயும் இருபத்தி ஏழு வருசமா அதத்தான் சொல்றாங்க, நான் ஹாஸ்டல்லேர்ந்து பத்து கிலோ ஏறி பேன்ட் பட்டன் போட முடியாம வந்தப்பவும் வாசல்லயே "எளச்சுட்டியேடா"ன்னுதான் சொன்னாங்க. அது ஒரு வணக்கம் மாதிரி, சாப்பாடு போடறதுக்கு முன்னாடி சொல்ற மந்திரம் மாதிரி, யாரு அத காதுல வாங்குவா? நானும் வாங்கல. ஆனா இன்னிக்கு தராசுக்கு முன்னாடி முட்டி போட்டு உக்காந்துக்கிட்டு நெனக்கிறேன், அவங்க நெசமாவே பாத்துதான் சொன்னாங்களோ? போன்ல அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள அவங்களுக்குத் தெரிஞ்சது பக்கத்துல இருக்கற எனக்குத் தெரியலையோ? எளச்சுட்டா. எளச்சுட்டா. ஒரு வார்த்தய திரும்பத் திரும்ப சொன்னா அர்த்தம் போயிடும்பாங்க, எனக்கு சொல்லச் சொல்ல அர்த்தம் கூடிட்டே போச்சு.

தேனுவுக்கு போன் பண்ணணுமா வேணாமா? பண்ணா அவ மொத பீரியட நடுவுல போட்டுட்டு ஓடி வருவா, அதோட சரி, வேலைய விட்டுடுவா, ஏற்கெனவே வாசப்படி தாண்ட முடியாம மூணு தடவ திரும்பி வந்து புள்ளைய மோந்து பாத்துட்டுப் போனவ. நான்தான் பெருசா, "போ, நான் பாத்துக்கறேன், எனக்குத் தெரியாததா"ன்னு தள்ளி விட்டேன். என்ன பாத்துக்கிட்டேன்? பண்ணாம நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி அங்க சேத்துக்கிட்டாங்கன்னா, அவ சாயங்காலம் வந்து காலித் தூளியப் பாத்தான்னா? அத நெனச்சதும் என் கை தானா பைய எடுத்துடுச்சு. பையில என்ன வெச்சேன்னு அப்பறம் பாத்தா, நாலு டயாபர், தடுப்பூசி அட்ட, பாலாடை, டெய்லர் டேப்பு. டேப்பு எதுக்கு? தெரியல. புள்ளைக்கு சட்ட போடறேன், கை நுழைய மாட்டேங்குது, பட்டன் எட்ட மாட்டேங்குது, அட சனியனே இது ஏன் போகமாட்டேங்குதுன்னு இழுக்கறேன், அவ சிணுங்குறா. சட்ட சின்னதாப் போச்சுங்கறது எனக்கு உறைக்கவே இல்ல, பாருங்க. ஒரு துண்டுல சுத்திக்கிட்டு மாடிப்படி எறங்குனேன். ஒவ்வொரு படிலயும் அவ உச்சி என் தாடைல படுது, அந்த மெத்துனு இருக்கற உச்சிக்குழி துடிக்கிறது தோலுல தெரியுது, டுக் டுக்குனு, அது என்னோடதா அவளோடதான்னு தெரியல.

கீழ வீட்டுக்கார அக்கா வாசல்ல மொளகா காய வெச்சிட்டு இருந்தாங்க. மெஹருன்னிசா அக்கா, ஹவுஸ் ஓனரு, வாடகைய விட தண்ணி மோட்டருக்குத்தான் சண்ட போடுவாங்க. "எங்க தம்பி காலங்காத்தால பையும் கையுமா? பொண்டாட்டி வேலைக்குப் போனதும் மாமியா வீட்டுக்குக் கெளம்பிட்டீங்களா?"ன்னாங்க. நான் வாயத் தொறந்தேன், பேச்சுக்குப் பதிலா அழுகதான் வந்துச்சு. "யா அல்லா, ஏன் அழுவுறீங்க? புள்ள சிரிக்குது, நீங்க அழுவுறீங்க. யாருக்கு என்ன?" "எடை கொறஞ்சு போச்சுக்கா. அரை கிலோ. ஆட்டோ கூப்புடுங்கக்கா." "யாருக்கு, இவளுக்கா? இங்க குடுங்க." மொளகாக் கைய சீலைல தொடச்சிட்டு, அப்பறம் அதுவும் பத்தாதுன்னு கொழாய்ல சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து வாங்குனாங்க. தூக்கிப் பாத்தாங்க, ஏத்தி எறக்கிப் பாத்தாங்க, கடைல பூசணிக்கா வாங்கறவங்க மாதிரி. "நல்லா கொறஞ்சுச்சு போங்க! வெள்ளிக்கெழம நான் தூக்குனப்ப இடுப்புல இருக்கறதே தெரியல, இப்ப தோள் பட்ட வலிக்குது. உங்க தராசுல எதாவது கோளாறா இருக்கும்." "முள்ளு பொய் சொல்லாதுக்கா." "அப்ப என் கை பொய் சொல்லுதா? ஆட்டோவும் வேணாம் ஒண்ணும் வேணாம், வாங்க, என் கண்ணு முன்னாடி ஒரு தடவ நிறுங்க, அப்பறம் போலாம். நானே கூட வரேன்."

மேல வந்தோம். புள்ள அவங்க இடுப்புல. என் ரெண்டு கையும் காலி, காலைலேர்ந்து மொதத் தடவையா. பழக்கம், கை காலியா இருந்தா நான் தரைல படுத்துடுவேன், படுத்தேன், கன்னம் டைல்ஸ்ல ஜில்லுனு பட்டுச்சு, முள்ளப் பாத்தேன். தட்டுல ஒண்ணும் இல்ல. முள்ளு சுழில இல்ல, ஜீரோவுல இல்ல. சுழிக்கு இந்தப் பக்கம், பின்னாடி, எவ்வளவோ தள்ளி, திருடன் மாதிரி நிக்குது. நான் அப்படியே படுத்திருக்கேன். பதினொண்ணாங் கிளாஸ், தமிழ் மீடியம், பிசிக்ஸ் லேபு, வெர்னியரு, சாரு போர்டுல எழுதறாரு, சுழிப்பிழை. அளக்கறதுக்கு முன்னாடி சுழிப்பிழை இருக்கான்னு பாருங்கடா பாருங்கடான்னு வருசம் பூரா கத்துனாரு, நான் இன்னிக்கு மட்டும் பாக்கல, ஒரு கையில புள்ளைய வெச்சுக்கிட்டு எப்படி படுத்துப் பாக்கறது? சரி, பிழை இருக்கு. இப்ப அத கூட்டணுமா கழிக்கணுமா? கடவுளே. கூட்டணுமா கழிக்கணுமா? இதுலதான் எல்லாருக்கும் மார்க் போகும், எனக்கும் போச்சு, பிளஸ்ஸுன்னா மைனஸ் மைனஸ்ஸுன்னா பிளஸ்ஸுன்னு ஏதோ சொல்வாரு. கழிக்கணும்னா நாலே முக்கால்லேர்ந்தும் எறங்கிடுவாளே, அப்பறம் என்ன மிஞ்சும்? ஒரு நிமிசம் எனக்கு நெசமாவே வேர்த்து ஊத்துச்சு. அப்பறம் முள்ளையே பாத்தேன். அது பின்னாடி நிக்குது. எம்பொண்ணு வந்து படுக்கறா. படுத்ததும் முள்ளு அங்கேர்ந்து கெளம்பி, மொதல்ல சுழிக்கு வரணும், அந்தத் தூரத்தையும் இவதான் தள்ளணும், தள்ளிட்டு வந்து, அதுக்கு மேல நாலே முக்கால் தள்ளிருக்கா. கூட்டணும். கூட்டணும்டா, கூட்டணும்! "அக்கா கூட்டணும்க்கா!"ன்னு கத்தறேன், அவங்க என்னத்தன்னு கேக்கறாங்க, நேயா பயந்து போயி உதட்டப் பிதுக்குறா. மறுபடி படுக்க வெச்சோம், கூட்டுனேன், மனசுக்குள்ள ஒரு தடவ, வெரல் விட்டு ஒரு தடவ. ஏறிருக்கா. அஞ்சே காலையும் தாண்டி ஏறிருக்கா. வயித்தால போயும் ஏறிருக்கா, கழுத்து மடிப்புக்கு அவ்ளோ பாலு போயும் ஏறிருக்கா.

அதுக்கப்பறம் நான் தரைலயே கெடந்தேன். எந்திரிக்கத் தோணல. மின்விசிறி சுத்துது, அதோட றெக்கைல ஒட்டட இருக்கு, இருக்கட்டும். பிழைங்கற வார்த்த மனசுல ஒரு எறும்பு மாதிரி ஓடிக்கிட்டே இருந்துச்சு. பிழைன்னா தப்பு. பிழைன்னா உசுரோட இரு. ரெண்டுக்கும் ஒரே வார்த்தய எந்த மகராசன் வெச்சான்? அன்னிக்கு பெட்டிக்கு வெளிய நான் நின்னப்ப, தரை தொடைக்க வந்த ஆயாம்மா பக்கெட்ட வெச்சுட்டு உள்ள எட்டிப் பாத்து, "பொழச்சுக்கும் சாமி"ன்னாங்க, எனக்கு அப்ப கோவம் வந்துச்சு, பொழைக்காமப் போகும்னு யாரு சொன்னா இப்ப, ஏன் அந்த வார்த்தையச் சொல்றீங்கன்னு. இன்னிக்கு அதே வார்த்த வாயில இனிக்குது. தட்டப் பாக்கறேன், அவ காலு ரெண்டும் தட்ட விட்டு வெளிய தொங்குது. வாங்குன புதுசுல முழுசா உள்ள இருப்பா, ஓரத்துல எடமே மிஞ்சும், துண்ட சுருட்டி அண்டக் குடுப்போம். எப்பலேர்ந்து வெளிய தொங்குது? காலைல மூணு தடவ நிறுத்தேனே, தொங்குச்சுதானே? அரைஞாண் கயித்துல முடிச்சு வேற எடத்துல இருக்கு, தேனு எப்பவோ தளத்தி விட்டிருக்கா, பழைய முடிச்சு இருந்த எடத்துல கயிறு நெளிஞ்சு கெடக்கு. மெஹருன்னிசா அக்கா தராசுக்குக் கீழ கைய விட்டு முள்ளத் தள்ளி வெக்கிற திருகத் தடவிப் பாத்துட்டு, "இது தானா சுத்தாது தம்பி. கெட்டியா இருக்கு. யாரோ திருகிருக்காங்க"ன்னாங்க. யாரு திருகுவா? பூட்டுன வீடு. நான், தேனு, நேயா. நேயா திருகல.

இன்டர்வல்ல தேனு போன் பண்ணா. பின்னாடி பிள்ளைங்க சத்தம். "குடிச்சாளா?" "குடிச்சா." "என்னப்பா கொரலு ஒரு மாதிரி இருக்கு?" "தராச யாரு தொட்டா தேனு?" யாரோ மிஸ் மிஸ்ஸுன்னு கூப்புடறாங்க, இவ திரும்பல. அப்பறம், "அதுக்குள்ள எடுத்துட்டியா"ன்னா, ரொம்ப மெதுவா. "நான் பஸ்ஸு ஏறுனதும் எடுப்பன்னு தெரியும். அதான் காலைலயே லேசா..." "லேசாவா! நீ பிசிக்ஸ் டீச்சர்டி! சுழிப்பிழைய பாக்காத பயலுகளுக்கு மார்க்கு கொறைக்கிறவ நீ!" "ஸ்கூல்ல கொறைப்பேன். அதுக்கென்ன இப்ப? நீ அஞ்சே கால்னு குரூப்புல போட்ட, பட்டாசு விட்ட, அன்னிக்கு சாயங்காலமே வயித்தால போச்சா இல்லயா?" "அது உங்க சித்தப்பா கை கழுவாம அவ வாயில வெரல வெச்சாரு, அதனால." "இருக்கலாம். அதனாலதான் அவர கை கழுவச் சொல்லிட்டேன். இதனாலயும் இருக்கலாம்ல? அதனால முள்ளப் பின்னாடி வெச்சேன். எதனாலன்னு எனக்கு எப்படித் தெரியும், நான் ரெண்டையும் பாத்துக்கறேன்." "அப்ப என் கண்ணு பட்டுடுச்சுங்கறியா?" "ஊரு கண்ண விட நம்ம கண்ணுதான்ப்பா எனக்கு பயம். நீ தரைல படுத்து முள்ளப் பாக்கறப்ப உன் மூஞ்சிய நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். யாரும் எதையும் அவ்ளோ ஆசயா பாக்கக் கூடாது." அப்பறம்தான் நான் சொன்னேன், பைய, ஆட்டோவ, படி எறங்குனத. "ஏறலன்னுதான் காட்டும்னு நெனச்சேன்... எறங்கும்னு நெனக்கவே இல்லப்பா. கொஞ்சமாத்தான் திருகப் போனேன், அவ தூளில முழிச்சு கத்துனா, திரும்பிப் பாத்துக்கிட்டே... அழுதியா?" "சே, இல்ல." "அழுதாரு அழுதாரு! மொளகாயெல்லாம் நனஞ்சுது!"ன்னு மெஹருன்னிசா அக்கா சமையக்கட்டுலேர்ந்து கத்துனாங்க, எம்பருப்ப அவங்கதான் கழுவிட்டு இருந்தாங்க. தேனு சிரிச்சா, சிரிப்புக்கு நடுவுல மூக்க உறிஞ்சுனா. "சாரிப்பா. சாரி." மணி அடிச்சுடுச்சு. "ஏய், நெசமா எவ்ளோ?"ன்னு கேட்டா, கிசுகிசுன்னு, பரீட்ச ஹால்ல கேக்கற மாதிரி. "சொல்லட்டா?" "ஐயோ வேணாம், சொல்லாத." "சரி." "ஏறிருக்கால்ல?" "ஏறிருக்கா." "போதும் போ, பீரியடு இருக்கு"ன்னு வெச்சுட்டா.

மூணாவது விசிலும் வந்துடுச்சு, அடுப்ப அணச்சுட்டேன். மீட்டிங்ல என் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, ஆமா சார் கரெக்ட்டு சார்னேன், எதுக்குன்னு தெரியல, கரெக்ட்டாதான் இருக்கும், இன்னிக்கு எல்லாமே கரெக்ட்டு. தூளிக்குள்ளேர்ந்து ஒரு காலு வெளிய வந்திருக்கு, சுண்டு வெரல் மட்டும் தனியா ஆடுது. நான் தராச மறுபடி கட்டிலுக்கு அடியில தள்ளறதுக்கு முன்னாடி திருகு மேல கைய வெச்சேன். சுழிக்குக் கொண்டு வர அர நிமிசம் ஆகாது. கைய எடுத்துட்டேன். அப்படியே இருக்கட்டும், எனக்குத்தான் தெரியுமே, வாரா வாரம் கூட்டிக்குவேன், மனசுக்குள்ள. குரூப்புல கேட்டவங்களுக்கு முள்ளு காட்டுனத அப்படியே போட்டேன், நாலே முக்கால்னு. பட்டாசு போடல. எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடையாதுங்க, சத்தியமா, காலேஜ்ல இதுக்காகவே எத்தன பேர்கிட்ட சண்ட போட்டிருக்கேன். நெசமான எடைய உங்ககிட்டயாவது சொல்லணும்னுதான் குதிச்சுக்கிட்டு டைப் பண்ணவே உக்காந்தேன், இந்த எடத்துக்கு வந்து ரெண்டு தடவ நம்பர அடிச்சேன், ரெண்டு தடவயும் அழிச்சுட்டேன், முள்ளு எவ்ளோ தள்ளி நின்னுச்சுங்கறதயும் சேத்துதான் அழிச்சேன், நீங்க கூட்டிப் பாத்துடுவீங்கல்ல. எவ்ளோன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஏறிருக்கா, அவ்ளோதான். உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா? வாய் வரைக்கும் வந்த நல்ல சேதிய, நம்பாமலே, அப்படியே முழுங்கிட்டு, சிரிப்ப மட்டும் அடக்க முடியாம உக்காந்திருக்கீங்களா?